கவிழ்ந்ததைப் பொறுக்காதவர்

கவிழ்ந்து கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று தெரிந்தால், கொல்லையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் பாத்திரங்களை என் மனைவி விமலா அவசர அவசரமாகத் துடைத்து உள்ளே எடுத்துவிடுவாள். இல்லாவிட்டால் கை கால் கழுவப் போகிறவர் குண்டானிலிருந்து டம்ளர் வரைக்கும் எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் திரும்புவார். தண்ணீர் வடியத்தான் கவிழ்த்திருக்கிறது என்று அவளும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். தெரியும் என்பார். தெரிந்தும் ஏன் நிமிர்த்துகிறீர்கள் என்றால், "மனசு கேக்கல கண்ணு" என்று சிரிப்பார்.

பாத்திரம் என்று இல்லை. வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் யாரோ விட்டுப் போன ஒற்றைச் செருப்பு குப்புறக் கிடந்தால் குனிந்து, காலால் இல்லை, கையாலேயே நிமிர்த்திப் போடுவார். மல்லாந்து விழுந்து கால்களை ஆட்டிக்கொண்டிருக்கும் வண்டுக்கு விரலைக் கொடுத்துப் புரட்டி விடுவார். ஒருமுறை என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காற்றுக்குச் சாய்ந்த குப்பைக்கூடையை அவர் எழுந்து போய் நிமிர்த்தியபோது, டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இப்படி ஒரு ஆள் நமக்கு வாய்த்தாரே என்று எனக்குச் சில சமயம் சிரிப்பாகவும் சில சமயம் எரிச்சலாகவும் இருக்கும்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இன்னும் அவர் ஊரில்தான் இருக்கிறார்கள். அந்த ஊருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். அதனால் அவர் என்றே இருக்கட்டும்.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறுகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி அவர்கள் ஊர். சாமையும் கேழ்வரகும் போடுகிற குடும்பம், நாலைந்து புளியமரமும் உண்டு. நெடுநெடுவென்று உயரம், கதவு மாதிரி முதுகு. முதன்முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்தாறு வயது என்றால் அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, புளி உலுக்கி முடித்த கையோடு, தோளில் ஒரு மூட்டையும் கையில் ஒரு தேன் பாட்டிலுமாக மலை இறங்கி வாணியம்பாடியில் எங்கள் வீட்டுக்கு வருவார். நாற்காலியில் உட்காரமாட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தானும் சாப்பிடமாட்டார். நான் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார், என் கையில் இருக்கும் ஸ்பூனைத்தான் பார்ப்பார்.

ஸ்பூன் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்கிற வீட்டுப் பையன் பாபு என் சிநேகிதன். அவன் ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூரைக்கு அடியில் இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் வைத்து, அதைப் பந்தயக் காராக மாற்றியிருந்தான். மைதானத்தில் சுற்றிச் சுற்றி வருகிற பந்தயம் இல்லை. காட்டு ரோடும் மலை ரோடுமாக ஒரு வழியைக் கொடுத்து, இன்ன நேரத்துக்குள் வந்து சேர் என்பார்கள். ஒருவன் ஓட்டுவான், இடப்பக்கம் இருப்பவன் வளைவும் பள்ளமும் சொல்லிக்கொண்டே வருவான். பாபு ஓட்டுவான், நான் சொல்லுவேன். பகலெல்லாம் பெண்களுக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் இப்படி ஒரு வீரம் தேவைப்பட்டது.

பாபு கிறுக்கனே தவிர முட்டாள் இல்லை. கார் உருண்டால் எப்படி வெளியே வருவது என்று எனக்குப் பாடமே எடுத்திருந்தான். அவனுடைய ஷெட்டில் காரைக் கூரைமேல் கவிழ்த்துப் போட்டு, பெல்ட்டில் என்னை வௌவால் மாதிரி தொங்கவிடுவான். முதலில் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்த வேண்டும். அப்புறம் ஒரு கையைக் கூரையில் ஊன்றி, இரண்டு காலையும் முன்பக்கம் அழுத்திக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் பெல்ட்டில் கை வைக்கலாம். அவசரப்பட்டு முதலிலேயே கழற்றினால் தலைகீழாக விழுந்து கழுத்து போய்விடும். விழுந்ததும் எந்தப் பக்கம் திறப்பு என்று பார்த்து, உடம்பைத் திருப்பி, கைகளை முன்னே விட்டு, தவழ்ந்து வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். இதை நான் தூக்கத்தில்கூடச் செய்வேன் என்கிற அளவுக்குப் பழகியிருந்தேன்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் வழியைப் பார்த்துக்கொள்வதற்காக ஆலங்காயம் வழியாக மலை ஏறினோம். நல்ல காலை வெயில். ஒரு வளைவில் சரளைக்கல் மேல் சக்கரம் வழுக்கி, ஓரத்து மேட்டில் ஏறி, கார் ஒரு முறை முழுசாக உருண்டு, மறுபடி பாதி உருண்டு, கூரைமேல் உட்கார்ந்தது. இரும்புக் குழாய் தாங்கிக்கொண்டது. எனக்கு ஒரு கீறல் கிடையாது. பாபு சாவியைத் திருப்பினான், பெல்ட்டைக் கழற்றினான், தன் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டான். போனவன் நாலடி நடந்து, தலை சுற்றி, ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். எனக்கு பெல்ட் கொக்கி கொஞ்சம் இறுகிப்போயிருந்தது. பெட்ரோல் வாசனை வந்தது. பதறாமல் கூரையில் கையை ஊன்றி, காலை அழுத்தி, கொக்கியை விடுவித்து, தோளில் இறங்கி, உடம்பைத் திருப்பி, இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். உள்ளங்கையில் சரளைக்கல் குத்தியது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில் தப்பித்தும் விட்டேன். இன்னும் ஒரு மூச்சு நேரம் இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பேன்.

அப்போது வெறுங்கால்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. பக்கத்து நிலத்தில் சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள். காருக்கு அந்தப் பக்கம், என் கைகள் தெரியாத பக்கம் வந்து சேர்ந்தார்கள். ஒரு குரல் மட்டும் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது.

"உள்ள ஆளு கீது. மொதல்ல தூக்குங்க. தூக்கி நிமுத்துங்க."

அந்த மலையில் மாட்டு வண்டி கவிழ்ந்தால் அதுதான் செய்வார்கள். வண்டி சாயும்போது நுகத்தடி முறுக்கிக்கொள்ளும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும், நின்று யோசித்தால் மாடு செத்துப்போகும். அதனால் சத்தம் கேட்டவர்கள் அத்தனை பேரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வரவேண்டும், யாருடைய வண்டி என்று கேட்காமல் தோளைக் கொடுத்து நிமிர்த்த வேண்டும், பேச்செல்லாம் அப்புறம். அது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததில்லை, கூடவே வளர்ந்தது. முதல் தோள் எப்போதும் அவருடையதாகத்தான் இருக்குமாம். அன்றைக்கும் அவருடையதுதான்.

நான் கத்தினேன். அத்தனை பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தூக்குகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும். கார் அந்தப் பக்கம் எழும்பியது, என் பக்கம் இறங்கியது. இடது கையை இழுத்துக்கொண்டேன். வலது கையை இழுக்க முடியவில்லை. காரின் எடை முழுவதும் ஜன்னல் விளிம்பாக அதன்மேல் ஏறி இறங்கி, கார் சக்கரத்தில் நின்றது. அந்தக் கூட்டத்தில் யாரோ சந்தோஷமாகக் கைதட்டியதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கதவைத் திறந்தவர் அவர். சிரித்த முகமாகத்தான் திறந்தார். என் கையைப் பார்த்தார். பிறகு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

கார் கிளம்பவில்லை. பஸ் அடுத்த நாள்தான். கயிற்றுக் கட்டிலில் என்னைப் போட்டு ஆலங்காயம் வரைக்கும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மற்றவர்கள் முறை வைத்து மாறிக்கொண்டார்கள், தலைமாட்டில் வலப்பக்கத்துத் தோள் மட்டும் மாறவே இல்லை. வழியெல்லாம் அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்குத் தைரியம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது என்ன என்று தெரியப் பல வருஷம் ஆயிற்று.

வேலூரில் இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். கை இருந்தது, கட்டைவிரலும் அதற்கு அடுத்த இரண்டு விரல்களும் மடங்கவில்லை. டைப்ரைட்டிங் வாத்தியாருக்கு இதைவிடப் பொருத்தமான ஊனம் கிடையாது. சொல்லிக்கொடுக்க வாய் போதும் என்று இன்ஸ்டிடியூட்டை விடாமல் நடத்தினேன். ஆனால் சோறு சாப்பிட வாய் மட்டும் போதாது. இடது கையால் சாப்பிட மனம் ஒப்பவில்லை. ஸ்பூனை இடது கையில் பிடித்தால் அது ஏதோ நாகரிகம் மாதிரி இருந்தது, அதனால் ஸ்பூன். கல்யாணப் பந்திகளில் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

அவர் முதல் தடவை வந்தது இன்ஸ்டிடியூட்டுக்குத்தான். மூட்டையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வராமல், நிலைப்படிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே பெண்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேலை முடிந்து வருகிறவரைக்கும் அவர் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பத்து வெரலும் ஆடணுமா சாமி இதுக்கு?" என்பது.

ஆமாம் என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "நாங்க தூக்காம இருந்திருந்தா கை நல்லா இருந்திருக்குமா?"

இல்லை, அதற்கு முன்னாலேயே அடிபட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க அவரிடம் என்ன இருந்தது? நான் உண்மையைச் சொன்னேன். நல்லா இருந்திருக்கும் என்றேன். அதோடு நிற்கவில்லை. வண்டி வேறு, கார் வேறு, மாடு கழுத்தில் தொங்கும், மனிதன் உள்ளே கிடப்பான், முதலில் ஆளை வெளியே எடுக்க வேண்டும், அது முடிகிறவரைக்கும் வண்டியை யாரும் தொடக்கூடாது என்று பாபு எனக்கு எடுத்த பாடம் முழுவதையும் அவருக்கு எடுத்தேன். அவர் ஊர் ரோட்டில் நாளைக்கு இன்னொன்று கவிழும், அப்போதாவது சரியாகச் செய்யட்டும் என்கிற நல்லெண்ணம் அதில் பாதி. மீதிப் பாதி என்னவென்று எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட முடியாமல் திரும்பி வந்திருந்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "சரி சாமி. தெரியாம போச்சு" என்று மட்டும் சொன்னார். மூட்டையில் புளி, சாமை, கொஞ்சம் கடுக்காய். வேண்டாம் என்று நான் சொல்ல, அவர் காதில் வாங்காமல் போய்விட்டார்.

அந்தப் பாடம் வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வருஷம் கழித்து, சந்தைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன ஒரு ஜீப் அதே ரோட்டில் கவிழ்ந்தது. ஊர் வழக்கப்படி எல்லோரும் ஓடினார்கள், முதலில் ஓடியவர் அவர்தான். ஆனால் தோளைக் கொடுக்கவில்லை. ஜீப்புக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, தொட்டவன் கையை வெட்டிவிடுவேன் என்று சொந்த மைத்துனனையே பிடித்துத் தள்ளியிருக்கிறார். ஊரே அவரைத் திட்டியது. அவர் மண்டிபோட்டு உள்ளே நுழைந்து, கால் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிய ஒரு பெண்ணுக்கு அடியில் தன் முதுகைக் கொடுத்து, காலை மெதுவாக விடுவித்து, ஒவ்வொருவராக வெளியே விட்டிருக்கிறார். எல்லோரும் வந்த பிறகுதான் ஜீப்பை நிமிர்த்தினார்கள். யாருக்கும் பெரிய சேதமில்லை.

இதைச் சொல்வதற்கென்றே மறுநாள் மலை இறங்கி வந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தீர்களா, நான் சொன்னது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று அவர் தோளைத் தட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"பொம்பள நல்லா கீது சாமி. கை காலு எல்லாம் நல்லா கீது" என்றார். பிறகு மெதுவாக, "இவ்ளோதான். கொஞ்சம் நின்னு பாத்தா போதும். அன்னிக்கு நிக்கலியே நானு" என்றார்.

அதுவரைக்கும் செய்தது தப்பு என்று என் வாயால் கேட்டிருந்தார். இப்போது சரியாகச் செய்வது எவ்வளவு சுலபம் என்று தன் கையாலேயே தெரிந்துகொண்டுவிட்டார். ஒரு காரியத்தைக் கற்றுக்கொடுத்து ஒரு மனிதனை இப்படி நோகடிக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. கவிழ்ந்ததைப் பார்த்தால் கை போகும், பாதியில் நிற்கும், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து, "தூக்கலாமா?" என்று கேட்பார். விமலாவின் டம்ளருக்குக்கூட அனுமதி கேட்பார். எங்கள் பெண் குழந்தை தவழ்கிற வயதில் ஒரு நாள் கூடத்தில் குப்புற விழுந்து அழுதது. பக்கத்தில் இருந்தவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தூக்காமல், விமலா அடுக்களையிலிருந்து வருகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார். விமலா அன்றைக்கு அவரைக் கோபித்துக்கொண்டாள். ராத்திரி என்னிடம் அழுதாள்.

தலைமுடி விஷயத்தை நாங்கள் இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வருஷம் காது மறைந்தது, அடுத்த வருஷம் தோளில் விழுந்தது, அப்புறம் சடை விழ ஆரம்பித்து, தாடியும் சேர்ந்துகொண்டது. நான்தான் கேலி செய்வேன். என்ன, சாமியாராகப் போகிறீர்களா, ஆசிரமம் எங்கே கட்டப்போகிறீர்கள், எங்களுக்கும் ஒரு மூலை ஒதுக்குவீர்களா என்றெல்லாம் கேட்பேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்.

அவருடைய மூத்த மகன் கல்யாணத்துக்கு நாங்கள் மலைக்குப் போனோம். கோடைக்காலம். சடையின் கனத்தில் அவர் கழுத்து புண்ணாகியிருந்தது, அதில் ஏதோ பச்சிலையை அரைத்து அப்பியிருந்தார். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய மனைவி வந்து விமலாவை அடுப்படிப் பக்கம் அழைத்துப் போனாள். வெகு நேரம் கழித்து விமலா வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பஸ்ஸில் மலை இறங்கும்போதுதான் சொன்னாள்.

கட்டிலில் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அன்று வழியெல்லாம் அவர் முணுமுணுத்தது எனக்குச் சொன்ன தைரியம் இல்லை. தங்கள் ஊர் காளியம்மாவிடம் பேசிக்கொண்டு வந்திருக்கிறார். இந்தப் பிள்ளை சோற்றுக் கையால் பழையபடி சாப்பிடுகிற வரைக்கும் என் தலையில் கத்தி படாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். அதற்காகத்தான் வருஷா வருஷம் வந்து என் ஸ்பூனைப் பார்த்துவிட்டுப் போகிறார். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று யாரிடமும் சொல்லவில்லை. தலைவலி தாங்காமல் ஒரு நாள் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார். "கை சரியாவுமா, ஆவாதா, அத்த மட்டும் டாக்டராண்ட கேட்டுச் சொல்லச் சொல்லும்மா" என்று அந்த அம்மாள் விமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

கை சரியாகாது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். என் கேலி எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆசிரமம், சாமியார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாணியம்பாடி வரைக்கும் வந்தேன். அவரை இன்னும் கவிழ்ந்த வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன், என்னால்தான் வெளியே எடுத்துவிட முடியும் என்று பட்டது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் எதிரில் ஒரே ஒரு வேளை வலது கையால் சாப்பிட்டுக் காட்டிவிடுவது. சோற்றைப் பிசையவோ அள்ளவோ என்னால் முடியாது. ஆனால் கேழ்வரகுக் களி என்றால் உருண்டையாக இருக்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் எனக்கு மடங்கும். அவற்றால் களியைக் கிள்ளி, உள்ளங்கையோடு அழுத்தி, குழம்பில் தொட்டு, மணிக்கட்டைத் திருப்பி வாயில் போட்டுவிடலாம். வலி உயிர் போகும். ஆனால் எட்டத்திலிருந்து பார்க்கிறவனுக்குச் சாப்பிடுகிற மாதிரிதான் தெரியும். விமலா தினமும் களி கிண்டினாள். கிண்டிக்கொண்டே சண்டை போட்டாள்.

"பொய்யி நீங்க சொல்லுவீங்க. சாமிகிட்ட அத்த எடுத்துகினு போறது அவரு. பாவம் யாருக்கு?"

எனக்கு என்று சொன்னேன். அப்படிக் கணக்கு வைக்கிறது நீங்களா, காளியம்மாவா என்று கேட்டாள். வாயை மூடு என்றேன். அவள் களியை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவர் வந்தார். மூட்டை, தேன் பாட்டில், சடை. டாக்டர் புதிதாக ஒரு பயிற்சி கொடுத்தார், கை திரும்பிவிட்டது என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் எதிரே குந்திக்கொண்டார். நான் சாப்பிட்டேன். முதல் கவளத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, குழம்பு காரம் என்றேன். நிறுத்தாமல் அந்தக் களி முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன். கை கழுவி வந்ததும் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மா கண்ணத் தொறந்துட்டா" என்றார். விமலா அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை.

ஆடி மாசத்தில் அவர்கள் ஊரில் காளியம்மாவுக்குப் படையல் போட்டு முடி இறக்கினார். எங்களையும் வரச் சொல்லியிருந்தார். கோயிலுக்கு எதிரே மரத்தடியில் சடை சடையாக விழுந்தது. பெண்டாட்டி ஒரு துணியில் அதைப் பொறுக்கிக்கொண்டே அழுதாள், ஊர்க்காரர்கள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு எழுந்து நின்றபோது அவர் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். நான் செய்தது சரிதான் என்று அந்த நிமிஷம் நம்பினேன். ஒரு பொய்யால் ஒரு மனிதனை வெளியே எடுத்துவிட்டேன் என்று கர்வமாகக்கூட இருந்தது.

பிறகு பந்தி போட்டார்கள். ஆட்டுக்கறிக் குழம்பும் சாமைச் சோறும். இலையில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சாமைச் சோறு மணல் மாதிரி உதிரும். கிள்ள முடியாது, அழுத்தினால் நிற்காது. ஸ்பூனை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன், கொண்டுவந்திருந்தாலும் அங்கே எடுக்க முடியுமா? எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்ப்பதற்காகத்தானே வந்திருக்கிறார்கள். நான் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவர் பரிமாறிக்கொண்டிருந்த வாளியை மகன் கையில் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கும் எதிர்வரிசைக்கும் நடுவே, ஊர்க்காரர்களுக்குத் தன் முதுகைக் காட்டிக்கொண்டு, என் இலைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெரிய முதுகுக்குப் பின்னால் நான் யாருக்கும் தெரிந்திருக்கமாட்டேன். என் இலையில் கையை வைத்துச் சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்தார். அழுத்தி ஓர் உருண்டை பிடித்து என் வலது உள்ளங்கையில் வைத்தார்.

"களிய யாரு வேணா சாப்டுவாங்க தம்பி" என்றார், என் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

தெரிந்தே செய்திருக்கிறார். என் வீட்டில், என் விரல்களைத் தடவிப் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. வேண்டுதல் பலிக்காமலே முடி இறக்கினால் அம்மா சும்மா விடமாட்டாள் என்று அந்த மலையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் அவ்வளவு வலியோடு பொய் சொன்னேனே, அதற்காகச் செய்திருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள், அம்மாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

அவர் அடுத்த உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அது எனக்கும் அவளுக்கும். என்னத்தான கேப்பா, உங்கள கேக்கமாட்டா" என்றார். "நீங்க சாப்டுங்க."

சாப்பிட்டேன்.